திங்கட்கிழமை எச்சில்

அதிராம்பட்டினம்
26.11.1996

ஏ வேம்பு,

நலமா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றால் அந்த உரிமை எனக்கு இப்போது இல்லை. நலமில்லாதவள் என்று தாளில் எழுதி, மாஸ்டர் கையெழுத்துப் போட்டு, தஞ்சாவூர் விளையாட்டு விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நான். நீதான் என்னைக் கேட்க வேண்டும். நாலு நாளாகிறது, உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. கல்நெஞ்சக்காரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பெட்டி கட்டும்போது குளிக்கப் போன நீ திரும்பி வரவேயில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே அழுகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கதவைத் தட்டாமல் கிளம்பினேன். துரைராசு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று கேள். மேசையில் டாக்டரம்மா அனுப்பிய தாள் கிடந்தது. நாம் ஒன்பது பேர், ஒவ்வொருத்தி பெயருக்கு எதிரிலும் ஒரு எண். என் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம்.

"ஹமீதா, நீ இப்ப ஓடுனா பத்துப் பதினஞ்சு நாள்ல நெஞ்சுல சளி கட்டிப் படுத்துடுவ. மூணு வாரம் ஓட்டமே கெடையாது. ஊருக்குப் போயி நல்லாச் சாப்புட்டுத் தூங்கு" என்றார்.

"சார், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லியே சார்."

"தும்மல் வர்றதுக்கு முன்னாடி சொல்லத்தாம்மா இந்த டெஸ்ட்டு. போன மாசம் செவ்வந்தியும் இப்பிடித்தான் சொன்னா. நான் கேக்காம ஓட விட்டேன். என்ன ஆச்சுன்னு நீயே பாத்தியே."

உம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. "ரத்தம் பாப்பாக, ஒண்ணுக்குப் பாப்பாக. எச்சில்ல என்னத்தடி பாக்குறாக?" என்கிறார். திங்கட்கிழமை காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்து, கண்ணாடிக் குழாய்க்குள் ஐந்து நிமிடம் தானாக வடியவிடுவோம். அதில் கிருமியைத் தடுக்கிற ஒரு புரதம் இருக்கிறது. அளவுக்கு மீறி ஓடுகிறவர்களுக்கு அது குறைந்துபோகும். குறைந்தால் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் காவல் இல்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் உமிழ்நீர் என்று அழகாகச் சொல்வார். உம்மாவிடம் அந்த வார்த்தை செல்லாது.

எனக்கு ஆத்திரம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். டிசம்பர் தேசியப் போட்டிக்கு, மூவாயிரம் மீட்டரில் நம் விடுதிக்கு இருப்பது ஓரிடம். உன்னைவிட மூன்று வினாடி முன்னால் ஓடியவள் நான். டிசம்பர் முப்பத்தொன்றோடு எனக்கு ஜூனியர் வயது முடிகிறது. வாப்பா சார்ஜாவிலிருந்து ஷூ வாங்கி அனுப்பி, தேசியப் போட்டிவரைக்கும் ஓடம்மா என்று சொன்னவர். இரண்டு நாள் தலையணையை நனைத்தேன்.

என் இடத்தில் நீ போகிறாய் என்பதில் கொஞ்சம் ஆறுதல். முதல் மூன்று பேருக்குள் வந்துவிடு வேம்பு. சான்றிதழ் கையில் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போட்டுவிடலாம் என்று மாஸ்டர் சொன்னார் அல்லவா? காக்கிச் சட்டைக்காரி வீட்டைப் பிரித்து நெல் காயக் களம் போட அந்த அரிசி மில்காரருக்குத் துணிச்சல் வராது. உங்க அப்பாவும் மூன்றாவது தடவை லாக்கப்புக்குப் போக வேண்டாம்.

உன்,
ஹமீதா பானு


தஞ்சாவூர்
4.12.1996

ஹமீதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். இரண்டு வேளையும் பயிற்சி நடக்கிறது. மழை விடவில்லை. புது ஆற்றங்கரை முழுக்கச் சேறு, அதனால் மைதானத்தையே சுற்றிச் சுற்றி ஓடுகிறோம்.

உனக்குச் சளி பிடித்ததா?

ஊரிலிருந்து அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பட்டா கேட்டுக் கலெக்டருக்குக் கொடுத்த மனுவைத் தாலுகாவுக்கு அனுப்பினார்களாம், தாலுகாவில் பழைய அடங்கல் கணக்கைப் பார்த்து மனை மிராசுதார் பெயரில்தான் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்களாம். மிராசுதார் மகன் மில்காரருக்கு விற்ற பத்திரம் செல்லும் என்கிறார்கள். ஆட்சி மாறினால் பட்டா வரும் என்று தெருவே ஓட்டுப் போட்டது. ஆறு மாதமாயிற்று. இப்போது எங்கள் தெருவில் பதினோரு வீடும் என் ஓட்டத்தைத்தான் நம்பி இருக்கிறதாம். அப்பா அப்படியேதான் சொல்லச் சொன்னாராம்.

அந்த மூன்று வினாடியைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் தேதி ரயில். லேசாக இருமல் இருக்கிறது. மாஸ்டருக்குத் தெரியாது. தாளில் என் எண் நன்றாக இருக்கிறதாம், அதனால் என் இருமலை அவர் தூசி என்று நினைத்துக்கொள்கிறார்.

மேலே இரண்டு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே.

உனக்குச் சளி பிடித்ததா என்று மட்டும் எழுது. தொண்டை வலியோ தலைவலியோ எது இருந்தாலும் எழுது.

வேம்பு


அதிராம்பட்டினம்
23.12.1996

அடி வேம்பு,

மன்னிக்கவும், கிடைத்தது, தெரியும் என்று தாசில்தாருக்கு எழுதுகிற மாதிரி எனக்கு எழுதியிருந்தாய். நேரில் வா, வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பேப்பரில் உன் பெயர். மூன்றாவது இடம்! கே. வேம்பு, தமிழ்நாடு. அந்த இரண்டு வார்த்தையையும் உம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார். தெருவில் நாலு வீட்டுக்கு மைசூர்பாகு கொடுத்தோம்.

மறுநாளே செவ்வந்தி கடிதம் வந்தது. நீ திரும்பி வரும் ரயிலிலேயே காய்ச்சலில் விழுந்தாய், தஞ்சாவூர் ஸ்டேஷனிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், நிமோனியா, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். அல்லாவே! அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே உட்கார்ந்தேன், எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு இதைக் கொடுத்தவள் நான்தான்.

நீயே யோசித்துப் பார். எனக்கு இன்றுவரை ஒரு தும்மல் இல்லை. நீ இரண்டு தடவை கேட்டாயே, இல்லை, ஒன்றுமே இல்லை, குண்டுக்கல்லாக இருக்கிறேன். என் எச்சிலில் காவல் இல்லை என்றால் அதில் கிருமி குடியிருந்திருக்க வேண்டும். அது எங்கே போனது? நாம் இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தோம். நான் கடித்த கொய்யாவை நீ வாங்கித் தின்றாய். ஒரே தட்டில் சாப்பிட்டோம். விடுதியில் எல்லோரும் எச்சில் பார்க்காத சிநேகம் என்று நம்மைக் கேலி செய்வார்களே, அந்தச் சிநேகத்தில்தான் உனக்குத் தொற்றியிருக்கிறது.

உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கிறுக்கச்சி, அப்பிடியெல்லாம் இருக்காதுடி" என்கிறார். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில்தான் சோறு தின்போம், நீயும் வந்து தின்றிருக்கிறாய். இப்போது நான் அந்தத் தட்டில் கை வைப்பதில்லை. எனக்கு ஒரு தனித் தட்டு, தனித் தம்ளர். கழுவி ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்த்துவிடுகிறேன். மாமி வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்குவதில்லை, முத்தம் கொடுப்பதில்லை. உனக்கு வந்தது இன்னொருத்தருக்கு வர வேண்டாம்.

வாப்பா போனில் பேசினார். "ஒடம்பு சரியில்லாத புள்ளய ஓட விட்டுட்டேனே" என்று அழுதுவிட்டார். வாப்பா அழுது நான் கேட்டதில்லை.

நீ எழுந்து உட்கார்ந்தால் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஹமீதா


தோப்புத் தெரு, குத்தாலம் வழி
7.1.1997

ஹமீதா,

இரண்டாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்தேன். இடது பக்கம் அடி நுரையீரல் கெட்டுவிட்டது, இனிமேல் அங்கே சளி தங்கிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து வாய்க்கால் மதகுக்கு நடக்க இரண்டு இடத்தில் நிற்கிறேன். மில்லிலிருந்து உமிச்சாம்பல் பறந்து வருகிறது. அம்மா ஈரத்துணியை வாசலில் கட்டியிருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தனித் தம்ளர் என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எங்கள் அப்பாவுக்கு ஊர் டீக்கடையில் தனி கிளாஸ். கீற்றுத் தடுப்புக்கு வெளியே ஆணியில் தொங்கும். அவரே எடுத்து, குடித்து, அவரே கழுவி மாட்ட வேண்டும். என் ஏழு வயதுவரை அதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது உங்க உம்மா சஹனை நடுவில் வைத்து "உக்காரு புள்ள" என்றார். நான் கை கழுவிவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். நீ என் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தாய். அந்தத் தட்டிலிருந்து நீ இப்போது விலகி உட்கார்ந்திருக்கிறாய் என்றால் அதற்குக் காரணம் நான்.

உன் எச்சிலில் ஒன்றும் இல்லை. அந்தக் குழாய் என்னுடையது.

நவம்பர் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை. தீபாவளியிலிருந்து எனக்குத் தொண்டை ரணம், ராத்திரி உடம்பு கொதிக்கும். எண் குறைவாக வந்தால் மூன்று வாரம் வீடு என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா உதவியாளரோடு வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தார். குழாய்கள் ஐஸ் தட்டில் நின்றன. ஈரத்தில் ஒட்டுத்தாள் இளகிக் கிடந்தது. என் பெயரை உரித்து உன் குழாயில் ஒட்டினேன். உன் பெயரை என் குழாயில் ஒட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் உன் குழாய் இருந்தது, கைக்கு அதுதான் வந்தது என்று முதலில் எழுதினேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தது செவ்வந்தியுடையது. உன்னுடையது கடைசி வரிசையில் இருந்தது. தேடித்தான் எடுத்தேன். எனக்கு நல்ல எண் மட்டும் வேண்டும் என்றால் யார் குழாயும் போதும். எனக்கு அந்த மூன்று வினாடியும் வேண்டியிருந்தது.

நீ குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றபோது நான் அழவில்லை. இருமல் சத்தம் உனக்குக் கேட்காமல் இருக்கத்தான் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணு ஒசந்தவ படுத்துட்டா, எண்ணு கொறஞ்சவ நல்லா இருக்காளாம். எங்க தப்புப் பண்ணுனேன்னு தெரியல வேம்பு" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் பெயரை என் குழாயிலேயே விட்டிருந்தால் மூன்று வாரம் வீட்டில் படுத்திருப்பேன், இந்த நுரையீரல் எனக்கு இருந்திருக்கும். உனக்கு டிசம்பர் இருந்திருக்கும்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அந்தப் புரதம் குறைந்தவளுக்குத்தான் நோய் வரும் என்று அர்த்தமே தவிர, அவள் எச்சிலால் மற்றவர்களுக்கு வரும் என்று அர்த்தம் இல்லையாம். உனக்காகத்தான் கேட்டு வைத்துக்கொண்டேன். தயவுசெய்து குழந்தையைத் தூக்கு.

சான்றிதழ் வந்துவிட்டது. பிப்ரவரியில் போலீஸ் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், உடம்பு தேற மார்ச்வரை அவகாசம் கேட்டிருக்கிறேன் என்று மாஸ்டர் சொல்லியனுப்பினார். அது தெரிந்ததிலிருந்து மில்காரர் ஆட்கள் இந்தப் பக்கம் வரவில்லை. போன வாரம் ஒருத்தர் அப்பாவைப் பார்த்து "ஐயா, சொகமா?" என்றாராம். அப்பா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாஸ்டருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல்லிக்கொள்.

வேம்பு


அதிராம்பட்டினம்
18.1.1997

வேம்பு,

நோன்போடு கோபப்படக்கூடாது என்பதால் நோன்பு திறந்துவிட்டு எழுதுகிறேன். ரமலான் தொடங்கி முதல் மூன்று நாள் உம்மா என்னை நோன்பு வைக்க விடவில்லை. பலவீனமான உடம்பாம். வீடே பசித்திருக்கும்போது நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து இட்லி தின்றேன். நாலாம் நாள் உன் கடிதம் வந்தது.

நீ செத்துத் தொலைந்திருந்தால் உன்னை நினைத்து நான் ஆயுசு முழுக்க அழுதிருப்பேன். என் எச்சில் ஒருத்தியைக் கொன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே கிழவியாகியிருப்பேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு நுரையீரல் போனதற்கு இரக்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரக்கம் வரவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வேம்பு! ஏ ஹமீதா, எங்க வீட்டைப் பிரிக்கப் போறாங்கடி, இந்த ஒரு தடவை நீ விட்டுக்கொடுடி என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா? தெரியாது. சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், கொடுத்தும் இருப்பேன். அதைத் தெரிந்துகொள்ளக்கூட நீ எனக்கு வழி வைக்கவில்லை. கடைசி வரிசையில் தேடி எடுத்தாயாம். அதை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினாய். அதற்கு நன்றி சொல்வதா, உன் முகத்தில் விட்டெறிவதா என்று எனக்குப் புரியவில்லை.

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் நான் கடற்கரைப் பக்கம் போய் ஓடிப் பார்த்தேன், தெரியுமா? கடிகாரம் இல்லை, மாஸ்டர் இல்லை. பலவீனமானவள் என்று பயந்து பயந்து ஓடினேன். இத்தனை நாள் ஓடாமல் இருந்தும் மூச்சு வாங்கவேயில்லை. அப்போதும் மரமண்டைக்கு உறைக்கவில்லை. செயற்கையாக ஒரு இருமல் இருமிப் பார்த்துக்கொண்டேன், நோயாளிதானே என்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாஸ்டரிடம் நான் சொல்ல மாட்டேன். உனக்காக இல்லை. போன சித்திரையில் உங்க அம்மா கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவள் நான், உங்க அப்பா எனக்காக மதகுவரை குடை பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கூரை இறங்கினால் அதில் என் கை பட்டிருக்கக் கூடாது. நீ போலீஸாகிக்கொள். நான் பலவீனமானவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். எப்படியும் எனக்கு வயது முடிந்துவிட்டது.

இனிமேல் எனக்கு எழுதாதே.

ஹமீதா பானு


தோப்புத் தெரு, குத்தாலம் வழி
8.2.1997

ஹமீதா,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்.

நீ சொல்லிவிடுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னால் என்னமோ வெளியிலிருந்து வந்த மாதிரி இருக்கும், அப்பாவிடமும் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிடலாம் என்று இருந்தேன். சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டாய். அதற்குப் பிறகும் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னேன்.

அப்பா கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் புள்ள நம்ம வூட்டுல கஞ்சி குடிச்ச புள்ளதான?"

"ஆமாப்பா."

அப்பா துண்டை முறுக்கினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது. "பதினோரு வூட்டு ஜனம் இருக்குடி, யோசிச்சியா?" என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அப்பா எழுந்து, "எழுதுறத எழுதிக் குடு. நான் போட்டுட்டு வர்றேன்" என்றார். மாஸ்டருக்கு ஒன்று, டாக்டரம்மாவுக்கு ஒன்று எழுதினேன். மாஸ்டர் உறைக்குள் சான்றிதழையும் வைத்தேன். என்னால் நடக்க முடியாது என்று அப்பாவே குத்தாலம் தபாலாபீசுக்கு நடந்துபோய் ரிஜிஸ்தர் செய்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் நான் சாப்பிட்டேனா என்று அம்மாவிடம் கேட்கிறார்.

மாஸ்டர் நேரில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஹமீதாவ நாந்தான பொட்டி கட்டச் சொன்னேன். அந்தப் புள்ள ஒரு தும்மல்கூட இல்லன்னு சொல்லுச்சே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா எழுதியிருக்கிறார். அந்த மாதம் ஒன்பது பேரில் உயர்ந்த எண் உன்னுடையதுதானாம். தாளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு உனக்கு ஒன்றும், சார்ஜாவில் உன் வாப்பாவுக்கு ஒன்றும் அனுப்புகிறாராம். விலாசம் நான்தான் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

நான் சான்றிதழைத் திருப்பி அனுப்பியது எப்படியோ வெளியில் தெரிந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மில்காரர் ஆட்கள் கோர்ட் அமீனாவோடு வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். பயிர் அறுப்பு முடிந்துவிட்டதாம், நெல் காயவைக்கக் களம் உடனே வேண்டுமாம். தெருவில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பம்பில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சாமிதுரை சித்தப்பா வீட்டில் கீற்றை அவர்களாகவே இறக்க ஆரம்பித்துவிட்டார்கள், டிராக்டர் ஏறினால் மூங்கிலும் மிஞ்சாது என்று.

உங்களுக்குப் பெருநாள் நாளைக்கோ மறுநாளோ. உங்க உம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் விட்டுவிடு.

புதன்கிழமை எங்கள் வீட்டைப் பிரிக்கிறோம். எங்கே போவது என்று அப்பா இன்னும் சொல்லவில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை. எப்போதாவது கோபம் ஆறி நீ ஒரு வரி எழுதினாலும், எழுதி இந்த விலாசத்துக்குப் போடாதே. வாங்கிக்கொள்ள இங்கே வீடு இருக்காது.

வேம்பு